ஆடி பிறப்பதற்குள் வாங்க வேண்டிய கார்

என் குடையைப் பற்றி எங்கள் வீட்டில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லப்பட்டது ஒரே ஒரு தடவைதான். அது எப்படி நேர்ந்தது என்று சொல்வதானால் என் மைத்துனன் கார் வாங்கப் போனதிலிருந்து தொடங்க வேண்டும்.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். நான் தென்காசி ரயில் நிலையத்தில் சரக்கு குமாஸ்தா. மற்ற மாதங்களில் எங்கள் நிலையத்தில் இறங்குகிறவர்களை எனக்கு முகம் தெரியும். ஆனி பிறந்து மலையில் சாரல் விழுந்துவிட்டால் அந்தக் கணக்கு தவறிவிடும். ஒவ்வொரு ரயிலிலும் எண்ணெய்த் தூக்குச் சட்டியும் துண்டுமாகக் கூட்டம் இறங்கும். குற்றாலம் மூன்று மைல்தான். ஆனாலும் எல்லோருக்கும் வண்டி வேண்டும், அதுவும் உடனே வேண்டும். ஏதோ அருவி அன்று மாலையோடு நின்றுவிடப் போகிறது என்பதுபோல ஜட்கா வண்டிக்காரர்களிடம் மல்லுக்கு நிற்பார்கள்.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் என் மைத்துனனுக்குக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டும் யோசனை வந்தது. அவன் என் மனைவிக்குத் தம்பி. கொழும்பில் ஒரு ஜவுளிக் கடை முதலாளிக்கு நாலு வருஷம் கார் ஓட்டிவிட்டு, இருநூறு ரூபாயும் ஒரு கம்பளிக் கோட்டுமாக அந்தச் சித்திரையில் ஊர் திரும்பியிருந்தான். கோட்டை நல்ல வெயிலிலும் கழற்ற மாட்டான். எதைக் காட்டினாலும் கொழும்பில் இதைவிட மேல் என்பான். எங்கள் ஊர் மழை கோணலாக விழுகிறது, கொழும்பில் நேராக விழும் என்று அவன் சொன்னதை நான் அன்றே குறித்து வைத்தேன். கார் ஓட்டுவதில் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. அவனுக்குச் சொத்து என்று இருந்தது அவனுடைய அப்பா விட்டுப்போன ஒரு துண்டு வயல். குளத்துப் பாசனம். அந்த நெல்தான் அவன் வீட்டுச் சோறு. தை மாதம் எங்களுக்கும் ஒரு மூட்டை வரும்.

நிலையத்துக்கு எதிரே புளியமரத்தடியில் ஒருவர் பழைய கார் வாங்கி விற்கிற வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். ஆனால் எங்கள் ஊருக்கு வந்து பேச்சும் எங்களுடையதாகவே ஆகிவிட்டது. இனிமையான மனிதர். கார் வாங்க வருகிறவனுக்கு முதலில் காப்பி வாங்கிக் கொடுப்பார். அப்புறம் குழந்தைகளின் படிப்பை விசாரிப்பார். காரைப் பற்றிக் கடைசியில்தான் பேச்சு வரும், அதுவும் விற்க மனமில்லாதவர்போல. அந்த ஆனியில் அவரிடம் இருந்தது ஒரு கறுப்பு டூரிங் கார். துணிக் கூரை, ரப்பர் பந்து ஹாரன், ஏறுவதற்குப் பக்கத்தில் பலகை. மேற்கே ஒரு மிட்டாதார் வீட்டு வண்டி என்றும், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனதைத் தவிர வேறெங்கும் போனதில்லை என்றும் சொன்னார். அவ்வளவு பக்தியுள்ள காரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

விலை அறுநூறு. மைத்துனன் கையில் இருப்பது இருநூறு. அதனால் என்ன என்றார் வியாபாரி. மீதி நானூறுக்கு வட்டி நூறு சேர்த்து, மாதம் ஐம்பதாகப் பத்து மாதத் தவணை. கடைசித் தவணை கட்டும் வரை கார் அவர் பேரில் இருக்கும். ஒரு தவணை தவறினால் காரை எடுத்துக்கொள்வார். அதுவரை கட்டினதெல்லாம் வாடகை என்று வைத்துக்கொள்ளப்படும். இவை போக, சும்மா ஒரு பிடிமானத்துக்காக, வயலை ஈடு காட்டி ஒரு கடன் நோட்டு. எழுதுகூலி, கோயிலுக்கென்று எடுக்கிற மகிமைப் பணம் எல்லாம் வாங்குகிறவன் செலவு. இதில் எதையும் அவர் மறைக்கவில்லை. காப்பிக்கு நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதாலோ என்னவோ என் மைத்துனனுக்கு எல்லாம் சலுகையாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னான். நான் கணக்குப் போட்டேன். முதல் மாதம் ஐம்பது கட்டினதுமே கடன் குறைகிறது, ஆனால் வட்டி கடைசி வரை முழு நானூறுக்கும் ஓடுகிறது என்று காட்டினேன். அவன் கோட்டுப் பையில் கைவிட்டபடி கேட்டான். பிறகு, கொழும்பில் யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை என்றான். அங்கே கார் எல்லோரிடமும் இருப்பதற்கு அதுதான் காரணம் என்றும் சொன்னான்.

என் மனைவிக்கு வட்டியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஆடி பிறக்க ஒரு வாரம்தான் பாக்கி. ஆடியில் புதிதாக ஒன்றும் வாங்கக் கூடாது. விளக்குமாறு தேய்ந்துபோனால்கூட ஆவணி வரை அதன் குச்சியை வைத்துச் சமாளிக்கிறவள் அவள். ஆடி முழுக்கக் காத்திருந்தால் சாரலில் பாதி போய்விடும். ஆகையால் யோசிப்பதை நிறுத்திவிட்டு ஆனிக்குள் முடிக்க வேண்டும் என்பது அவள் தீர்மானம். வியாபாரியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் யார் எதை வாங்கினாலும் ஆனிக் கடைசியில் இந்த ஓட்டம் ஓடுவார்கள். கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண்ணைக்கூட அந்த வாரத்தில் சரியாகப் பார்க்க மாட்டார்கள்.

மறுநாள் வேலை முடிந்து நானே காரைப் பார்க்கப் போனேன். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எஞ்சினைத் திறந்து காட்டினார். தலையை ஆட்டினேன். சக்கரத்தை உதைத்துக் காட்டினார். அதற்கும் ஆட்டினேன். தூறல் விழவே பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். மேலே பார்த்தபோது துணிக் கூரையில் ஒரு தையல் கண்ணில் பட்டது. சிவப்பு நூல். சின்னச் சின்னக் குறுக்குத் தையலாக, கோலம் போட்டதுபோல வரிசையாக.

அந்தக் கிழிசல் என்னுடையது.

போன வருஷம் சாரலின்போது என் மனைவியை எண்ணெய்க் குளியலுக்கு அழைத்துப் போக ஒரு வாடகைக் கார் பிடித்தேன். என் குடையின் நுனியில் கூரான இரும்புப் பூண். அதை நிமிர்த்திப் பிடித்தபடி உட்கார்வது என் வழக்கம். ஒரு திருப்பத்தில் கார் குலுங்கியதில் பூண் கூரையைத் துளைத்துவிட்டது. காரை ஓட்டிய சொந்தக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். நான் நாலணா கொடுத்தேன். அடுத்த வாரம் நிலையத்து வாசலில் அந்தக் கார் நின்றபோது இந்தத் தையல் இருந்தது. அன்றிலிருந்து என் மனைவி என்னோடு எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் குடையை வாங்கித் தன் மடியில் படுக்க வைத்துக்கொள்வாள்.

அப்படியானால் மிட்டாதார் வீட்டு வண்டி போன வருஷம் ஆளுக்கு மூன்றணா வாங்கிக்கொண்டு எண்ணெய் தேய்த்தவர்களை ஏற்றி இறக்கியிருக்கிறது. நான் வியாபாரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கை நன்றாக வழுக்குகிறது என்று மட்டும் சொன்னேன். உயர்ந்த தோல் என்றார்.

போன வருஷத்துச் சொந்தக்காரர் ஆய்க்குடிக்காரர் என்பது எனக்கு நினைவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைத்துனனை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றுதான் சொன்னான். காரின் குணம் தெரிந்தவரிடம் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டால் ஓட்டுவதற்கு உதவும் என்றேன். அது சரிதான் என்று கோட்டைப் போட்டுக்கொண்டான்.

ஆய்க்குடியில் தேட வேண்டியிருக்கவில்லை. கார்க்காரர் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். காரில்லாமல் போயும் பெயர் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. வீட்டை ஒட்டிக் காருக்காகப் போட்ட ஓலைக் கொட்டகை இருந்தது. அதில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. அவருக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. குடையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டவராகத் தெரியவில்லை. யாரோ ஒரு உறவுக்காரனின் கூத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அவரும் ஆனிக் கடைசியில், ஆடி பிறப்பதற்குள் என்று ஓடிப்போய் வாங்கினவர்தான். அதே தவணை, அதே காப்பி. அவரிடம் சொல்லும்போது மிட்டாதார் வண்டி இல்லை, ஒரு டாக்டர் வண்டியாக இருந்ததாம். ஆனியும் ஆடியும் நன்றாக ஓடியிருக்கிறது.

"ஆவணி வரைக்கும் காரு எனக்குச் சம்பாதிச்சுது அண்ணாச்சி. புரட்டாசியிலேருந்து நான் காருக்குச் சம்பாதிச்சேன்" என்றார்.

புரட்டாசித் தவணைக்கு நெல்லை விற்றார். ஐப்பசித் தவணைக்கு விற்க ஒன்றும் இல்லை. வியாபாரி வந்தார், குழந்தைகளின் படிப்பை விசாரித்தார், காரை எடுத்துக்கொண்டு போனார். கட்டினது வாடகையாயிற்று. கார் போனதோடு முடியவில்லை. ஈடு காட்டின நோட்டு இருந்தது. மீதித் தவணைகளுக்கு அதைக் காட்டி வெற்றிலைக் கொடிக்காலை விற்க வைத்தார்கள். அவருக்கு முந்தின வருஷம் அதே காரை வாங்கினவர் ராயகிரிக்காரர் என்றும், அவரிடமிருந்தும் அது ஐப்பசியில்தான் திரும்பியது என்றும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டாராம்.

"கட்டிக் கொடுத்த பிள்ளையை ஆடிக்கு அழைப்பாக. இவுக காரை ஐப்பசிக்கு அழைக்காக. வருசா வருசம் மாப்பிள்ளைதான் வேற" என்றார்.

உள்ளே முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அப்போதுதான் பேசினாள். தான் போட்ட அந்தக் கூரைத் தையல் பிரியாமல் இருக்கிறதா என்று கேட்டாள். அப்படியே இருக்கிறது என்றேன்.

"அப்ப அந்த வண்டியில நம்ம பொருள்னு அது ஒண்ணாவது கெடக்கட்டும்" என்று மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் என் மைத்துனன் பாதி தூரம் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தான். சரி, விஷயம் தைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். பிறகு வாயைத் திறந்தான்.

"அவருக்கு கியர் மாத்தத் தெரிஞ்சிருக்காது அத்தான். அதான் வண்டி பெட்ரோலைக் குடிச்சிருக்கு."

அவர் கியர் மாற்றி இவன் பார்த்ததில்லை. அந்தக் கொட்டகையிலிருந்து வந்த சத்தம் ஆட்டின் சத்தம் மட்டும்தான்.

"மாப்ளே, மார்கழி மாசம் குத்தாலத்துக்கு யாரு வாரா?"

"குரங்கு வரும்."

"ஆளுக்கு மூணணா கொடுக்குமா?"

அவன் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். முடிவை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. சாரல் தொடங்கிவிட்டது. அருவி நிறைந்து விழுகிறது என்று ரயிலில் வருகிறவர்கள் எல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அவனுக்கு அந்தக் கார் வேண்டும். பத்து மாதத் தவணையை மூன்று மாதத்தில் சம்பாதித்துவிடுவேன், நான் அந்தக் கொடிக்கால்காரர் மாதிரி இல்லை என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தான். கொடிக்கால்காரரும் தன்னை ராயகிரிக்காரர் மாதிரி இல்லை என்றுதான் நினைத்திருப்பார்.

ஆனி கடைசி நாள் பிற்பகல் வியாபாரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எழுதின பத்திரம், ஸ்டாம்பு ஒட்டின நோட்டு, மிட்டாய்ப் பொட்டலம், சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க நாலு எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். கூலிக்கு ஒரு ஆளைப் பிடித்து ஓட்டிவரச் செய்த கார் வாசலில் நின்றது. மைத்துனன் கையெழுத்துப் போடுவதற்காகக் கோட்டுக் கையை மடித்துக்கொண்டான். கொஞ்சம் பொறு, தவணையைச் சாரல் மாதங்களுக்கு மட்டும் வைத்து, வயலை விட்டுவிட்டு எழுதச் சொல் என்று நான் நிறுத்தினேன். வியாபாரிக்கு அப்போதும் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது.

"அண்ணாச்சி, உங்க இஷ்டம். நான் கட்டாயப்படுத்தலை. நாளைக்குக் காலையில ஒரு ஆள் ரூபாயோட வாரான். உறவு விட்டுப் போகக் கூடாதேன்னுதான் முதல்ல இங்கன வந்தேன்."

மைத்துனன் பேனாவை எடுத்துவிட்டான். வயல் போகப் போகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தடுப்பதற்கு என்னிடம் கணக்கைத் தவிர ஒன்றும் இல்லை. அதை யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

ஆய்க்குடிக் கதையை என்னிடம் கேட்டிருந்த என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அந்நிய ஆண்களோடு நேராகப் பேச மாட்டாள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பியிடம் சொல்வாள், அவர்களுக்குக் கேட்கும்படியாக.

"ஏலே, நாளைக்கு ஆடி ஒண்ணாந் தேதி. ஆடியில ஒருத்தனும் வாங்க மாட்டான்னு ஒரு வாரமா அவுகளே சொல்லுதாக. அப்ப நாளைக்கு ரூபாயோட வாரது யாருன்னு கேளு."

மைத்துனன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. வியாபாரி மிட்டாய்ப் பொட்டலத்தை நகர்த்தி வைத்தார். பிறகு, வருகிறவர் கடையநல்லூர்ப் பக்கம் ஒரு பாய், அவர்களுக்கு ஆடி கிடையாது என்றார். நல்ல பதில்தான். நான்கூட ஒப்புக்கொண்டுவிட்டேன்.

"பாய் வீட்டுல வட்டி கொடுத்து வாங்க மாட்டாகளே" என்றது கதவு. "மொத்த ரூபாயும் ரொக்கமா எண்ணி வைப்பாக. அறுநூறு ரொக்கம் வாரப்ப உனக்கு எதுக்குலே தவணைக்குக் கொடுக்காக? உறவுக்காகவா?"

வியாபாரி சிரித்தார். முதல் தடவையாக அந்தச் சிரிப்புக்குப் பின்னால் காப்பி எதுவும் இல்லை. மைத்துனன் பேனாவைக் கீழே வைத்தான். ஒரு வாரமாக ஆடி, ஆடி என்று அவனை விரட்டினவளே அதைச் சொன்னதால்தான் வைத்தான். நான் சொல்லியிருந்தால் கொழும்பைப் பற்றி அவன் ஏதாவது சொல்லக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

வியாபாரி பத்திரத்தை மடித்துக்கொண்டு போனார். மிட்டாயை எடுத்துப் போகவில்லை. எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். என் மனைவிக்கு அதில் ஒரு சின்ன மனக்குறை இருந்தது. ஊறுகாய்க்கு ஆகியிருக்கும்.

மறுநாள் யாரும் ரூபாயோடு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அந்த ஆடியில் சாரல் அப்படி ஒரு சாரல். சரக்குக் கொட்டகை வாசலில் நின்றால் எனக்கு இரண்டும் ஒரே பார்வையில் தெரியும்: இந்தப் பக்கம் ரயிலிலிருந்து இறங்கி வண்டி, வண்டி என்று அலறுகிற கூட்டம், அந்தப் பக்கம் புளியமரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நனைகிற கார். வியாபாரிக்குக் காரை விற்கத் தெரியும், ஓட்டத் தெரியாது. ஒரு ஜட்கா வண்டிக்காரர் தினமும் அவரிடம் போய், காருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் வியாபாரி தானாகவே என்னிடம் வந்தார். இந்த முறை காப்பி நான் வாங்கிக் கொடுத்தேன். குழந்தைகளின் படிப்பையும் விசாரித்தேன். சாரல் மாதங்களுக்கு மட்டும் தவணை என்றார். நோட்டு உண்டா என்றேன். உண்டு என்றார். காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு நான் எழுந்துகொண்டேன்.

இதற்கும் வழி சொன்னது என் மனைவிதான். ஆடியில் வாங்கக் கூடாது என்றுதானே சாஸ்திரம், வாடகைக்கு எடுக்கக் கூடாது என்று எங்கே சொல்லியிருக்கிறது என்றாள். நாள் வாடகை பேசினார்கள். நோட்டு இல்லை, ஈடு இல்லை. காலையில் எடுத்துக்கொண்டு இரவு கொண்டுபோய் விட வேண்டும். ஓடாத நாளுக்கு வாடகை இல்லை. கார் ஒரு காசும் கொண்டுவராமல் நனைந்துகொண்டிருப்பதைவிட இது மேல் என்று வியாபாரி ஒப்புக்கொண்டார். ஆடியும் ஆவணியும் மைத்துனன் கம்பளிக் கோட்டு நனைய நனைய ஓட்டினான். அந்த இரண்டு மாதத்தில் காரின் நோவு எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. எந்த மேட்டில் திணறும், எந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் எல்லாம். கியர் நன்றாக மாற்றியும் குடிக்கத்தான் செய்தது. கொடிக்கால்காரரிடம் தப்பில்லை என்று அவனே சொன்னான். ஆவணிக் கூட்டம் தாங்காத நாட்களில் அவரையே ஆய்க்குடியிலிருந்து வரவழைத்து முறை வைத்து ஓட்டச் சொன்னான்.

புரட்டாசியில் கூட்டம் நின்றது. வாடகையை நிறுத்திவிட்டான். ஐப்பசி வந்தது. வியாபாரிக்கு அழைத்துவர இந்த வருஷம் எந்த வீட்டிலும் கார் இல்லை. அது அவர் மரத்தடியிலேயே, அடைமழையில், வாங்க ஆளில்லாமல் நின்றது. மைத்துனன் போய்க் கேட்டான். ஆனியில் அறுநூறு சொன்னவர் முந்நூற்றைம்பதுக்கு இறங்கினார். அவனுடைய இருநூறு அப்படியே இருந்தது. மீதியைச் சாரல் கொடுத்திருந்தது. ரொக்கமாக எண்ணி வைத்து, அவன் பேருக்கு எழுதி வாங்கினான். அந்தத் தையில் எங்களுக்கு வழக்கம்போல ஒரு மூட்டை நெல் வந்தது, காரில் வந்தது.

இப்போது யுத்தம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. அந்தக் கார் பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் ஓட, பின்னால் ஒரு கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, அருவிக்குப் போகிற வழியெல்லாம் புகைவிட்டபடி இன்னமும் ஓடுகிறது. கூரைத் துணியை மாற்றும்போதுகூடச் சிவப்புத் தையல் போட்ட துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஆய்க்குடியில் கொடுத்துவிட்டு வந்தான் மைத்துனன். அந்த அம்மாள் அதை முறத்தின் ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுவிட்டாளாம்.

கார் அவன் பேருக்கு மாறின அன்று எங்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். மழையில் சாலையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"அத்தான் குடை மட்டும் இல்லேன்னா வயலு போயிருக்கும் அக்கா" என்றான்.

என் மனைவி யோசித்தாள். "நல்ல குடைதான்" என்றாள். பிறகு கையை நீட்டி அதை வாங்கி மடியில் படுக்க வைத்துக்கொண்டாள்.